முதியோர் உணவில் புரதம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

அறுபதைத் தாண்டியவர்களுக்கு லேசான உணவே போதும் என்று கருதி, காலையில் இட்லி, மதியம் ரசம் சோறு, இரவில் கஞ்சி என்று கொடுப்பது நம் வீடுகளில் அக்கறையோடுதான் நடக்கிறது. அந்த உணவு எளிதில் செரிக்கும் என்றாலும், தசையைக் காக்கும் அளவுக்குப் புரதம் அதில் இல்லை. முதுமையில் பசி குறையுமே தவிர, புரதத்தின் தேவை குறைவதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது முதியோர் நல வல்லுநர்களின் பரிந்துரை. அதன்படி 50 கிலோ எடையுள்ள பாட்டிக்குக் குறைந்தது 50 கிராம் தேவை. ஒரு முட்டையில் கிடைப்பதோ ஏறத்தாழ 6 கிராம்தான். தசை கரையக் கரைய, கையூன்றாமல் எழ முடியாமல் போவதும், தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் நேர்கின்றன. இவற்றை 'வயதாகிவிட்டது' என்று சொல்லி நாம் ஏற்றுக்கொள்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பல் இல்லாதவர்களுக்கும் குழைய வெந்த பாசிப்பருப்பு, தயிர், அவித்த முட்டை, முள் நீக்கிய மீன், கஞ்சியில் கலந்த பொட்டுக்கடலை மாவு ஆகியவை ஏற்றவையே. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே அளவை முடிவு செய்ய வேண்டும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினை நெடுங்காலம் உட்கொள்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும் என்பதால், கால் மரத்துப்போனால் அதையும் பரிசோதிப்பது நல்லது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் 60 வயதைக் கடந்தோர் 10.4 சதவீதம். நியாயவிலைக் கடையில் குடும்ப அட்டைக்கு மாதம் 1 கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைப்பது பெரிய உதவி. ஆனால் நால்வர் உள்ள வீட்டில் அது ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் பருப்பு, அதாவது 2 கிராம் அளவுக்கே புரதம். முதியோர் ஓய்வூதியம் பெறுவோர் உள்ள அட்டைகளுக்குக் கூடுதலாக ஒரு கிலோ பருப்பு வழங்க அரசு முன்வர வேண்டும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் பணியாளர்கள், முதியோரின் எடையையும் மாதந்தோறும் குறித்து, குறைந்துவருபவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பும் நடைமுறையையும் சுகாதாரத் துறை ஏற்படுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.