ஊக்கியை மாற்றுமுன் விறகைப் பார்

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.
கார்த்திகை, இரண்டாம் கிழமை.

அன்பின் நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை கிடைத்தது. ஐப்பசிக் கடைசியில் தொடங்கிய மழை இங்கே இன்னும் விட்டபாடில்லை. பின்வளவில் கணுக்கால் அளவுக்கு வெள்ளம் நிற்கிறது. என் முழங்கால் நோவைத் தவிர வீட்டில் எல்லோரும் சுகம். நீ எழுதிய நான்கு பக்கங்களில் மூன்றரைப் பக்கம் அடுப்பைப் பற்றியதாக இருந்தபடியால், நானும் ஊர்ப்புதினங்களை ஒதுக்கி வைத்துவிட்டு நேரே அதற்கு வருகிறேன்.

கனடாவில் பீற்றர்பரோவுக்கு அருகே நீ வாங்கிய வீட்டில், முன்பு இருந்தவர்கள் ஊக்கி, அதாவது புகையைக் குறைந்த சூட்டிலேயே எரியவைக்கும் துளைக்கட்டி, பொருத்திய விறகடுப்பு ஒன்றை விட்டுப் போயிருக்கிறார்கள். கதவைத் திறந்தால் புகை வீட்டுக்குள் வருகிறது, இரண்டு நாளில் கண்ணாடி கறுத்துவிடுகிறது, எவ்வளவு விறகு போட்டாலும் வெப்பமானியின் முள், ஊக்கி இயங்கும் சூட்டைக் குறிக்கும் பகுதியை எட்டுவதில்லை என்று எழுதியிருக்கிறாய். கடைக்காரர் ஊக்கி செத்துவிட்டது என்றும், சில நூறு டொலர் கொடுத்துப் புதிது போடவேண்டும் என்றும் சொல்கிறாராம். வாங்கலாமா என்று என்னைக் கேட்கிறாய். இப்போதைக்கு வாங்காதே. முதலில் எனக்கு ஒன்றைச் சொல்: நீ எரிக்கும் விறகு எப்போது பிளக்கப்பட்டது? கடிதம் முழுவதையும் இரண்டு தடவை வாசித்தேன். அடுப்பின் நிறத்தைக்கூட எழுதியிருக்கிறாய், விறகைப் பற்றி ஒரு வரி இல்லை.

பதினோராம் வகுப்பில் ஐதரசன்பரவொட்சைட்டுக்குள் மங்கனீசீரொட்சைட்டைப் போட்டபோது அது பொங்கி வழிந்து ஆசிரியரின் வெள்ளை வேட்டியை நனைத்தது உனக்கு நினைவிருக்கும். அன்று கரும்பலகையில் எழுதிய ஊக்கி என்ற அதே தத்துவந்தான் உன் அடுப்புக்குள்ளும் இருக்கிறது, பொருள் மட்டும் வேறு. மரம் சூடேறும்போது அதன் பெரும்பகுதி வாயுவாகவும் புகையாகவும் கழன்று போகிறது. விறகில் உள்ள வெப்பத்தில் பாதிக்கு மேற்பட்டது அந்தப் புகைக்குள்தான் இருக்கிறது. புகை தானாக எரிவதற்கு ஏறக்குறைய 600 பாகை செல்சியசு வேண்டும். இரவு முழுவதும் மெல்ல எரியட்டும் என்று காற்றைக் குறைத்துவிட்டால் சாதாரண அடுப்பில் அவ்வளவு சூடு நிற்பதில்லை. எரியாத புகையில் ஒரு பங்கு வெளியே போய் அயலவர் மூக்கில் ஏறுகிறது, மறு பங்கு புகைக்கூட்டின் உட்சுவரில் தாரைப் போலப் படிகிறது. தேன்கூட்டைப் போலத் துளைகள் நிறைந்த அந்தச் சுடுமண் கட்டியில் பிளாற்றினமும் பலேடியமும் மெல்லிதாகப் பூசப்பட்டிருப்பதால், அதனூடாகப் போகும் புகை ஏறக்குறைய 260 பாகையிலேயே எரியத் தொடங்குகிறது. ஒருமுறை பிடித்துக்கொண்டால் புகை எரிகின்ற சூடே ஊக்கியைத் தொடர்ந்து சூடாக வைத்திருக்கும். அந்த 260 பாகையை முதலில் விறகு எட்டித் தரவேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதே. ஈரமானி 35 வீதம் என்று காட்டுகிற பத்துக் கிலோ விறகில் இரண்டரை லீற்றருக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. அவ்வளவு தண்ணீரையும் ஆவியாக்குவதிலேயே நெருப்பின் பலம் கழிந்துவிட்டால், பிறகு ஊக்கியைக் குறை சொல்லி என்ன பயன்?

நானும் இதே பள்ளத்தில் விழுந்து எழும்பியவன்தான். 2009 இல் ஒறேஞ்வில்லுக்கு வடக்கே அந்தப் பழைய பண்ணை வீட்டை வாங்கியபோது, எரிவாயுக் குழாய் அந்தத் தெருவுக்கு வந்திருக்கவில்லை. மின்சாரத்தால் சூடாக்கினால் சம்பளத்தில் பாதி போய்விடும். அடுப்பை வாங்கினேன். விறகு விற்பவர் ஒருவர், நன்றாகக் காய்ந்தது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி மூன்று கோர்ட் மேப்பிளையும் ஓக்கையும் வாசலில் கொட்டிவிட்டுப் போனார். ஒரு கோர்ட் என்பது 128 கன அடி. எட்டடி நீளம், நான்கடி உயரம், நான்கடி அகலம் என்று அடுக்கிப் பார்த்தபோது அளவிலும் குறைந்தது. அளவுக் குறையை நான் மறந்துவிட்டேன், ஈரத்தை மறக்கவில்லை. கட்டையின் வெட்டுமுகத்தில் வெயில் வெடிப்புகள் இருந்தன, நிறமும் சாம்பலாக மாறியிருந்தது, பார்த்தால் காய்ந்த விறகேதான். நெருப்பில் வைத்தபோது இரண்டு முனையிலும் நுரை தள்ளிச் சீறியது. அந்தப் பனிக்காலம் முழுவதும் உன்னைப் போலவே முள்ளைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தேன்.

விறகின் வெளித்தோற்றத்தை நம்பாதே. ஒரு கட்டையை எடுத்து மறுபடி நடுவே பிளந்து, புதிதாகத் திறந்த அந்த முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பார். சில்லென்று ஒட்டினால் அது இந்த ஆண்டுக்கு உதவாது. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டு. காய்ந்தது கணீரென்னும், ஈரமானது தொப்பென்னும். சரியாக அறிய வேண்டுமானால் ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் அந்தப் புதிய முகத்தில், மர நாரின் போக்கிலேயே குத்து. 20 வீதத்துக்குக் கீழே வரவேண்டும். வெட்டு முனையில் குத்தினால் பொய் சொல்லும். ஆஷ், மேப்பிள் போன்றவை பிளந்து அடுக்கி ஓர் ஆண்டில் தேறிவிடும், ஓக் இரண்டு ஆண்டு கேட்கும். 2002 இல் வின்சர்ப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட அந்தப் பச்சை வண்டு ஒன்ராறியோவின் ஆஷ் மரங்களைத் தின்று தீர்த்தபடியால், நின்றபடியே பட்டுப்போன ஆஷ் உன் பக்கத்தில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் பட்டமரம் என்பதற்காகக் காய்ந்த மரம் என்று எண்ணிவிடாதே, அதையும் பிளந்து அளந்துதான் எடுக்கவேண்டும்.

இதையெல்லாம் அந்த நாட்டில் போய்க் காசு கொடுத்துப் படித்தோம் என்பதுதான் எனக்கு வெட்கம். என் அம்மா தன் குசினியில் அடுப்புக்கு மேலே பரண் கட்டி, நாளைக்கு எரிக்கும் விறகை இன்றைய சூட்டில் காயவைத்தவர். மாரிக்கு வேண்டிய பாலை விறகும் பனம்மட்டையும் ஊமலும் ஆவணிக்கு முன்னரே கொட்டிலுக்குள் போய்விடும். ஈர விறகை யாராவது எடுத்து வைத்தால், "சோறு வேகாது, என்ரை கண்தான் வேகும்" என்பார். 2022 இல் நான் ஊர் திரும்பியபோது காஸ் சிலிண்டருக்குச் சனம் நாட்கணக்கில் வரிசையில் நின்றது. அப்போது அந்த மண் அடுப்பை மீண்டும் பூசி எடுத்தேன், பரணையும் கட்டினேன். இன்று காஸ் கிடைத்தாலும் சோறும் பாலும் அதில்தான்.

அடுப்பு இயக்கும் முறைக்கு வருகிறேன். தொடங்கும்போது பைபாஸ் தட்டைத் திறந்து வை. புகை ஊக்கிக்குள் போகாமல் நேரே புகைக்கூட்டுக்குப் போகட்டும். சிறு சுள்ளிகளால் நல்ல சுவாலையை எழுப்பி, காற்றை முழுவதும் திறந்துவிட்டு, வெப்பமானியின் முள், ஊக்கி இயங்கும் பகுதிக்குள் ஏறும் வரை காத்திரு. நீ அவசரக்காரன் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்: முள் ஏறுமுன் தட்டை மூடினால் குளிர்ந்த ஊக்கியின் துளைகளைப் புகை அடைத்துவிடும். புதிய விறகு போடும் ஒவ்வொரு தடவையும் தட்டைத் திறந்து, சற்றுப் பொறுத்து, அதன் பிறகே கதவை மெல்லத் திற. உன் வீட்டுக்குள் வரும் புகையில் பாதி அதோடு நின்றுவிடும். விறகை நிறைத்த பின் பத்துப் பதினைந்து நிமிடமாவது உரக்க எரியவிட்டுத் தட்டை மூடு.

மூடும் அந்தக் கணத்தைப் பார்க்க நான் எப்போதும் விளக்கை அணைத்துவிட்டுக் குந்துவேன். கைப்பிடி கடக்கென்று விழும். காற்றை மெல்லக் குறைக்கக் குறைக்க, கட்டைகளின் மேல் ஆடிய மஞ்சள் சுவாலை சுருங்கி, நீல நாக்குகளாகத் தயங்கி, சிலவேளை முற்றாக அணைந்து, கறுத்த கட்டைகள் மட்டும் சும்மா கிடப்பதைப் போலத் தெரியும். புதிதாகப் பார்ப்பவர் நெருப்பு நூர்ந்துவிட்டது என்று நினைப்பார். அப்போது குனிந்து மேலே பார்த்தால், தேன்கூட்டின் ஒவ்வொரு கண்ணும் முதலில் கருஞ்சிவப்பாகவும் பிறகு செம்மஞ்சளாகவும் ஒளிரும். வெளியே போய்ப் புகைக்கூட்டைப் பார்த்தால் வெப்ப நடுக்கமோ, கடுங்குளிரில் மெல்லிய வெள்ளை நீராவியோ மட்டும் தெரியும். 2013 மார்கழியில் பனிமழை கொட்டி மின்சாரம் போனபோது நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் ஸ்காபரோவில் இருந்து வந்து என் அடுப்புக்கு முன்னால் வரிசையாகப் படுத்தீர்களே, அந்த இரவுகளில் நீங்கள் நித்திரையான பிறகு நான் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். ஒருதரம் நிறைத்தால் விடியும் வரை போதும் என்று நீ அப்போது மெச்சினாய். அந்த விறகு இரண்டு கோடை காய்ந்தது என்பதை நான் உனக்குச் சொல்லாமல் விட்டது என் பிழை.

ஊக்கி உண்மையிலேயே செத்திருக்கவும் கூடும், அதை மறுக்கவில்லை. நன்றாகப் பேணினால் ஆறு பனிக்காலத்துக்கு மேலும் உழைக்கும். கண்டதையும் எரித்தால் இரண்டு ஆண்டிலேயே முடிந்துவிடும். வர்ணம் பூசிய பலகை, மருந்தடித்த மரம், பிளாஸ்டிக், பளபளப்பான தாள், கடற்கரையில் ஒதுங்கிய உப்பு மரம் எதுவும் உள்ளே போகக்கூடாது. அவற்றில் உள்ள உலோகங்களும் உப்பும் பூச்சை நஞ்சூட்டிவிடும். என் முதலாவது ஊக்கியை நானேதான் கொன்றேன். ஒரு நத்தார் நாளில் பரிசுப் பொதிகளின் மினுங்கல் தாள்களைக் கட்டுக் கட்டாகப் போட்டு எரித்தது ஒரு பாவம். பனி ஒட்டிய கட்டைகளை வெளியே இருந்து எடுத்துவந்து, செந்தணலாய் இருந்த ஊக்கிக்குக் கீழே திணித்துத் தட்டையும் உடனே மூடியது மறு பாவம். அடுத்த மாதம் திறந்து பார்த்தபோது நடுவே வெடிப்பு ஓடியிருந்தது.

அதனால் பரிசோதித்துத் தீர்மானி. அடுப்பு முற்றாக ஆறிய பிறகு ஊக்கியைப் பார். துளைகளில் சாம்பல் அடைத்திருந்தால் மென்மையான தூரிகையால் தட்டி எடு, கம்பி தூரிகை கூடாது. பிறகு கடையில் மரத்தூளை அழுத்திச் செய்த கட்டிகளை ஒரு பொதி வாங்கு, மெழுகு கலந்தது வேண்டாம். அவற்றில் ஈரம் மிகக் குறைவு. பொருளாதாரத் தடைக் காலத்தில் தகரத்துக்குள் போத்தலை நட்டு, சுற்றிலும் மரத்தூளை இடித்து நிரப்பி, போத்தலை உருவி எடுத்து எரித்தோமே, அதே மரத்தூள்தான், அங்கே அழகான உறையில் விற்கிறார்கள். முதலில் நான்கைந்து கட்டி மட்டும் போட்டு எரித்துப் பார். நிறைத்தால் சூடு அளவு மீறும். முள் ஏறி ஊக்கி ஒளிர்ந்தால் குற்றவாளி விறகு. முள் ஏறித் தட்டை மூடிய பிறகும் வெளியே அடர்ந்த புகை ஓயாவிட்டால் கடைக்காரர் சொன்னது சரி.

கதவு விளிம்பில் காற்று புகாமல் அடைக்கும் கயிற்றையும் பார். ஐந்து டொலர்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழு. இலகுவாக வழுகி வந்தால் காற்று களவாகப் போகிறது, கயிற்றை மாற்று. புகைக்கூட்டை ஆண்டுக்கு ஒரு தடவை கூட்டுவி. நீ எழுதியபடி புகைத்திருந்தால் இம்முறை நத்தாருக்கு முன்னரே ஆளைக் கூப்பிடு, ஏனென்றால் அந்தத் தார் தீப்பிடித்தால் வீடு மிஞ்சாது. காப்புறுதிக்காரர் பரிசோதனைச் சான்றிதழ் கேட்பார்கள், காபனோரொட்சைட்டு எச்சரிப்பான் கட்டாயம். சாம்பலை மூடியுள்ள தகரவாளியில் அள்ளி வெளியே கல்லின்மேல் வை. இரண்டு நாள் கழித்தும் உள்ளே தணல் உயிரோடு இருக்கும்.

அடுப்பின் பின்புறத் தகட்டைத் துடைத்து, அதில் உள்ளதை எழுதி அனுப்பு. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 1988 இல் கொண்டுவந்த விதிகளின் இரண்டாம் கட்டத்தில் ஊக்கி அடுப்புகளுக்கு மணிக்கு 4.1 கிராம் புகைத்துகள் என்று எல்லை வைத்தார்கள், 2020 முதல் அது எல்லா அடுப்புக்கும் 2 கிராம், உண்மையான பிளந்த விறகால் சோதித்தால் 2.5 கிராம். தகட்டைப் பார்த்தால் உன்னுடையது எந்தக் காலத்தது என்று ஓரளவு பிடிபடும்.

நான் புறப்படும்போது உன் வீட்டு நிலக்கீழ் அறையில் வைத்த இரண்டு பெட்டிகளை நீ வீடு மாறியபோது எறிந்திருக்கமாட்டாய் என்று நம்புகிறேன். சிறிய பெட்டியில், பழைய கம்பளி மேசுகளுக்குக் கீழே, என் ஈரமானி இருக்கிறது. அதற்கு மின்கலம் மட்டும் மாற்றவேண்டும். அடுக்கின் மேலிருந்து இரண்டு, நடுவிலிருந்து இரண்டு, அடியிலிருந்து ஒன்று என்று ஐந்து கட்டைகளைப் பிளந்து அளந்து, ஐந்து எண்களையும் எனக்கு எழுது. அதுவரை கடைக்காரருக்குக் காசு கட்டாதே.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் உன்,
கோண்டாவில் நண்பன்.