மணி பிளான்ட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். போன் போட்டால் ‘அப்புறம் பேசறேன்பா’ என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். மாங்காய்ப் பெட்டியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

நீ அனுப்பிய போட்டோவில் மணி பிளான்ட்டைப் பார்த்தேன். அடியில் நாலு இலை மஞ்சளாகிவிட்டது. ஒன்று பழுத்தால் வயதானது என்று விட்டுவிடலாம். நாலும் ஒரே நேரத்தில் பழுத்தால் பெரும்பாலும் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். வீட்டில் தண்ணீர் ஊற்றுவது ஒருத்தரா, இரண்டு பேரா? ஒருத்தர் ஊற்றியது தெரியாமல் இன்னொருத்தரும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். மாப்பிள்ளை வெளியூரில் இருந்தால் நீ ஒருத்திதான் ஊற்றுவாய், அப்போது காரணம் வேறு. அதற்காகத்தான் கேட்கிறேன். போட்டோவில் செருப்பு ஸ்டாண்டும் தெரிந்தது. சரி, அதை விடு.

மாப்பிள்ளை வாங்கிய பீங்கான் தொட்டிக்கு அடியில் ஓட்டை கிடையாது. கிரகப்பிரவேசத்தன்றே பார்த்தேன், சபையில் எதற்கு என்று சொல்லவில்லை. செடியை ஓட்டை உள்ள சாதாரணத் தொட்டிக்கு மாற்று. மண்ணில் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார். ஈரம் ஒட்டினால் ஊற்றாதே. காய்ந்திருந்தால் அடியில் வழிகிற வரை ஊற்று, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடு. உங்கள் ஊரில் இப்போது மூட்டமாக இருக்கும், மண் சீக்கிரம் காயாது. கிழமை வைத்து ஊற்றாதே, விரல் வைத்து ஊற்று.

இன்னொன்று. புதுசாக வந்த இலைகளில் மஞ்சள் வரியே இல்லை, முழுப்பச்சை. வெளிச்சம் போதவில்லை. பகலிலும் திரையை மூடியே வைத்திருக்கிறாயா? காலையில் எழுந்ததும் விலக்கிவிடு. நேர் வெயில் பட்டால் இலை கருகும், ஜன்னலுக்குப் பக்கத்தில் வெளிச்சம் மட்டும் படட்டும். அக்னி மூலையில்தான் வைக்க வேண்டும் என்று அம்மா சொல்வாள். அக்னி மூலை இருட்டாக இருந்தால் செடி என்ன செய்யும்? நம் வீட்டுத் தென்னையில் ஏறியது இதே செடிதான், அங்கே இலை முறம் அளவுக்கு இருக்கிறது. திரையை மட்டும் விலக்கு பாப்பா.

பூனை வளர்ப்பதை நீ சொல்லவில்லை, போட்டோவில் வால் தெரிந்தது. மணி பிளான்ட் சேம்பு குடும்பம். சேப்பங்கிழங்கு அரிக்கிறதே, அதே கால்சியம் ஆக்ஸலேட்தான் இதன் இலையிலும் இருக்கிறது. பூனை கடித்தால் வாய் எரிந்து எச்சில் வழியும். கொடி எட்டாத உயரத்தில் தொங்கவிடு.

வேரைக் கழுவிப் பார். கறுத்துக் குழைந்து நாறினால் அதையெல்லாம் வெட்டிவிடு. மொத்தமும் போயிருந்தாலும் பதறாதே. நல்ல தண்டாகப் பார்த்துக் கணுவுக்குக் கீழே ஓர் அங்குலம் விட்டு வெட்டி, கணு முழுகும்படி பாட்டில் தண்ணீரில் வை. இலை முழுக வேண்டாம். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்று. இரண்டு மூன்று வாரத்தில் வேர் வந்துவிடும். கணு இல்லாத வெறும் இலை எத்தனை நாள் வைத்தாலும் செடியாகாது. சந்தூரில் ஒட்டுக்கன்று கட்டினவன் சொல்கிறேன்.

உனக்கு என்னைவிட நல்ல கை. எட்டாவது படிக்கும்போது நீ ஒட்டுக் கட்டிய செந்தூரா மாமரம் இந்த வருஷமும் கொப்பு தாங்காமல் காய்த்தது. வியாபாரி கேட்டான், அந்த மரத்தை மட்டும் கொடுக்கவில்லை. பொங்கலுக்குப் பிறகு நீ எட்டிப் பார்க்கவில்லை. ஓசூர் தாண்டினால் கிருஷ்ணகிரி, இதற்கா லீவு கிடைக்கவில்லை? அத்தை கேட்டாள், ஆபீஸில் பெரிய பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவைத்தேன். உண்மையும் அதுதானே.

தண்ணீரை மட்டும் குறைத்துவிடு. ஒரு சனிக்கிழமை வா. எந்த பஸ் என்று சொன்னால் ஸ்டாண்டில் நிற்கிறேன். எத்தனை பேர் என்று கேட்க மாட்டேன், அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். பூனையை விட்டுவர முடியாது என்றால் அதையும் தூக்கிக்கொண்டு வா.

இப்படிக்கு,
அப்பா

பி.கு: பெட்டியில் மேல் வரிசை செந்தூரா, பழுத்தது, முதலில் அதைச் சாப்பிடு. கீழே இருப்பது பெங்களூரா மாங்காய், ஊறுகாய்க்கு.