அகர் தட்டுல வட்டம் விழுந்தா மருந்தா?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர் மாவட்டப் பக்கத்துல, காப்பர் காம்ப்ளக்ஸ் (காப்பரோட ஆர்கானிக் பொருள் ஒட்டின சேர்மம்) செஞ்ச காலேஜ் பசங்க புது ஆன்டிபயாடிக் கண்டுபிடிச்சிட்டாங்கன்னு போட்டிருந்தீங்க. பசங்களைக் குறை சொல்லல, எம்எஸ்சி ப்ராஜக்ட்ல நானும் இதே வேலையத்தான் பண்ணேன், அதான் எழுதுறேன்.

சாலிசிலால்டிஹைடையும் ஒரு அமீனையும் எத்தனால்ல போட்டு ரிஃப்ளக்ஸ் பண்ணா, அதாவது ஆவி வெளிய போகாம கொதிக்க வச்சா, மஞ்சளா ஷிஃப் பேஸ்ங்கிற ஆர்கானிக் பொருள் வரும், உலோகத்தோட ஒட்டுற லிகண்ட் இதுதான், அதுல காப்பர் அசிடேட் கரைசல ஊத்துனதும் பச்சையாகி அடில பொடி இறங்கும், முதல் தடவ அதப் பாக்குறப்ப வர்ற சந்தோஷம் இருக்கே, சொன்னா புரியாது சார். அந்தப் பொடிய டிஎம்எஸ்ஓங்கிற கரைப்பான்ல கரைச்சு, குட்டி ஃபில்டர் பேப்பர் வில்லைல நனைச்சு, பாக்டீரியா தடவின அகர் தட்டு (கிருமி வளர்க்கிற ஜெல்லி தட்டு) மேல வச்சு ராத்திரி பூரா இன்குபேட்டர்ல விட்டா, காலைல வில்லையச் சுத்தி கிருமி வளராத வட்டம் தெரியும். எனக்கு 14 மில்லிமீட்டர். நம்பாம மூணு தடவ அளந்தேன்.

வைவாக்கு வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஒண்ணுதான் கேட்டார், "வெறும் காப்பர் அசிடேட்ட வச்சுப் பாத்தியாம்மா?" பாக்கல. அப்புறமா அதே அளவு காப்பர் வர்ற மாதிரி வச்சுப் பாத்தேன், 13. ஒரு மாசம் கஷ்டப்பட்டு ஒட்டவச்ச லிகண்டால கிடைச்ச லாபம் அவ்ளோதான்!

இந்த ஃபீல்டே வேஸ்ட்னு சொல்லல. பொடுகு ஷாம்புல வர்ற ஜிங்க் பைரிதியோன், தீக்காயத்துக்குப் போடுற சில்வர் சல்ஃபாடயசின் க்ரீம் எல்லாம் உலோகமும் ஆர்கானிக் பொருளும் சேர்ந்ததுதான். சிஸ்பிளாட்டின்ங்கிற பிளாட்டினம் புற்றுநோய் மருந்தோட கதைய பாருங்க, அதுல லிகண்ட் வெறும் அம்மோனியாவும் குளோரைடும்தான், 1965ல ரோசன்பர்க்ங்கிற விஞ்ஞானி பாக்டீரியாவுக்கு கரண்ட் விட்டு என்ன ஆகுதுன்னு பாக்கப் போக, பிளாட்டினம் கம்பி கரைஞ்சு ஈ. கோலை ரெண்டா பிரியாம நூல் மாதிரி நீண்டுகிட்டே போச்சு. அமெரிக்காவுல மருந்தா அனுமதி கிடைச்சது 1978ல. இன்னிக்கும் கிட்னிய காப்பாத்த சலைன் ஏத்தித்தான் குடுக்கிறாங்க. அதையே டிஎம்எஸ்ஓல கரைச்சா பிளாட்டினத்துல அது போய் ஒட்டிக்கிட்டு மருந்தோட வேலையே கெட்டுடும், கரைக்கிற திரவம்கூட சும்மா இருக்காது சார்.

அதனால அடுத்த தடவ உங்க நிருபர் வெறும் காப்பர் உப்புக்கு எவ்ளோ வட்டம், வெறும் டிஎம்எஸ்ஓக்கு எவ்ளோ, மனுஷ செல்லுல போட்டுப் பாத்தீங்களான்னு மூணே கேள்வி கேட்டுட்டு எழுதட்டும். பசங்க ஃபோட்டோ மட்டும் கண்டிப்பா போடுங்க, எங்க பேட்ச்ல யாருக்கும் அது கிடைக்கல.

இப்படிக்கு,
ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர், விருதுநகர் மாவட்டம்