உதயமூர்த்தி பெயரில் ஒரு மேசை: தொழில், வணிகச் சங்கங்களுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கம்.

சிறிய லேத் பட்டறை நடத்துகிறவன் நான். சங்கத்துக்குத் தவறாமல் சந்தா கட்டுகிற உறுப்பினன். எம்.எஸ். உதயமூர்த்தி 2013 ஜனவரியில் காலமானார். நம் சங்கங்கள் அவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது. அதைக் கேட்கவே எழுதுகிறேன்.

மயிலாடுதுறைப் பக்கம் விளநகரில் பிறந்தவர். அமெரிக்கா போய்த் தொழிலதிபர் ஆனவர். அங்கேயே நிம்மதியாக இருந்திருக்கலாம். திரும்பி வந்து 1988இல் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கினார். நமக்கெல்லாம் அவர் 'எண்ணங்கள்' எழுதியவர். நான் பட்டறை திறந்த அன்று மாமா என் கையில் கொடுத்ததும் அந்தப் புத்தகம்தான். ஆனால் 'உன்னால் முடியும்' என்று அவர் சொன்னது சம்பாதிக்க மட்டுமல்ல. நேர்மையான அரசியலும் நிர்வாகமும் வேண்டுமென்றால் மக்கள்தான் எழுந்து கேட்க வேண்டும் என்றார். அந்தப் பாதியை நாம் எடுத்துக்கொள்ளவே இல்லை.

என் பட்டறையில் நீல அட்டை போட்ட செலவு நோட்டு ஒன்று இருக்கிறது. 2015இல் ஓர் அனுமதிக்காக ஓர் அலுவலகத்துக்கு ஐந்து மாதம் நடந்தேன். கோப்பில் ஒரு தாள் குறையில்லை. கடைசியில் 8,000 ரூபாய் கொடுத்தேன், மறுநாளே கையெழுத்து ஆனது. கணக்கு எழுதும் பெண் "என்னன்னு எழுதட்டும் சார்?" என்று கேட்டார். 'இதரம்' என்று எழுதச் சொன்னேன். அந்த வரியை இன்றும் என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. உங்கள் நோட்டுகளிலும் அந்த வரி இருக்கும்.

2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபின் லஞ்சம் கொடுப்பதும் நேரடிக் குற்றம். ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால், கொடுத்த ஏழு நாளுக்குள் புகார் செய்கிறவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது. கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குச் சொல்லிவிட்டு, அவர்களுக்கு உதவியாகக் கொடுத்தாலும் குற்றமில்லை. இந்த ஏழு நாள் கணக்கு நம் உறுப்பினர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தெரிந்தாலும் தனி ஆளுக்குப் பயம்தான். வாங்குகிறவரைக் கையும் களவுமாகப் பிடிக்க லஞ்ச ஒழிப்புத் துறை ரசாயனப் பொடி தடவித் தரும் நோட்டை நீட்டும்போது ஒரு சின்ன வியாபாரியின் கை எப்படி நடுங்கும்! அடுத்த உரிமம் புதுப்பிக்கவும் அதே கட்டடத்துக்குத்தானே அவர் போக வேண்டும்? ஒருவர் போனால் பழிவாங்குவார்கள். சங்கமே உடன் போனால் யோசிப்பார்கள்.

நான் கேட்பது சங்க அலுவலகத்தில் ஒரே ஒரு மேசை. அதற்கு உதயமூர்த்தி பெயர் வைப்போம். வாரம் ஒரு மாலை ஒரு வழக்கறிஞரும், ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவரும் அங்கே உட்காரட்டும். யாரிடம் எங்கே எவ்வளவு கேட்டார்கள் என்பதைத் தேதி போட்டுக் குறித்துக்கொள்ளட்டும். புகார் என்றால் சங்கத்தின் கடிதமும் சேர்ந்து போகட்டும். கோப்பு கிடப்பில் கிடந்தால், பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு போட்டு, அது எந்த மேசையில் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்கட்டும். நாடு முழுவதற்குமான சட்டம் 2005இல்தான் வந்தது. தமிழ்நாடு 1997லேயே தனக்கென்று தகவல் உரிமைச் சட்டம் போட்ட மாநிலம். அந்தப் பெருமையில் வணிகர்களாகிய நமக்கும் ஒரு வேலை இருக்க வேண்டாமா?

"தொழில் செய்கிறவனுக்கு எதற்கு ஊர்வம்பு" என்று சிலர் சொல்வீர்கள். உதயமூர்த்தியும் தொழில் செய்தவர்தான். தொழிலில் ஜெயித்த பிறகுதான் இந்த வேலைக்கு வந்தார். சம்பாதித்த பெயரை இதற்குச் செலவழித்தார்.

அடுத்த பொதுக்குழுவில் இதை முதல் பொருளாக வையுங்கள். மேசைக்கு ஆள் வேண்டுமென்றால் செவ்வாய்க்கிழமை மாலைகளில் நான் வந்து உட்காருகிறேன். முதல் பதிவாக அந்த 8,000 ரூபாயையே எழுதிக்கொள்ளலாம். நீல நோட்டைக் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் உறுப்பினர்களில் ஒருவன்