சைகோனில் எங்கள் அடுப்பெரிய உதவியவர்களுக்கு

அன்புடையவர்களுக்கு வணக்கம்.

முத்தியால்பேட்டைக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. பெட்டிகளை இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை. பிரித்து அடுக்கிவிட்டால் வழக்கம்போல மறந்துபோவேன் என்பதால், முதலில் இந்த மடலை எழுதிவிடுகிறேன். வியட்நாம் வரைபடத்தில் ஹோ சி மின் நகரம் என்று இருந்தாலும் புதுச்சேரிக்காரர் வாயில் அது சைகோன்தான். அந்த ஊர்க்காரர்களும் பேச்சில் அப்படியே சொல்கிறார்கள்.

2019இல் கணவருக்கு அங்கே ஒரு ஷூ கம்பெனியில் வேலை கிடைத்துப் போனோம். சம்பளம் காதுக்குப் பெரிதாகத்தான் இருந்தது. முதல் மாதமே மளிகைக்கு அதில் கால்வாசி கரைந்தது. தப்பு என்னுடையது. துவரம்பருப்பு, பொன்னி அரிசி, உறையவைத்த முருங்கைக்காய், அப்பளம் என்று எல்லாவற்றையும் நகரின் நடுவில் இருந்த இந்தியச் சாமான் கடையிலேயே வாங்கினேன். பருப்பு கிலோ ஒரு லட்சம் டாங். லட்சம் என்றதும் பயப்பட வேண்டாம், நம் காசில் முந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ஆனாலும் பெரிய மார்க்கெட்டில் கொடுத்துப் பழகிய விலையை நினைத்தால் வயிறு எரிந்தது. வேறொரு கடையில் தேதி தாண்டிய ரவையைத் தலையில் கட்டினார்கள். அவர்களுக்கு இந்த மடலில் இடமில்லை.

முதல் நன்றி முதலியார்பேட்டை சைகோன் பாட்டிக்கு. அம்மா வீட்டுக்கு எதிர்வீடு. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். பாட்டி பிறந்தது சைகோனில், பாவாடை கட்டும் வயதில் இங்கே வந்துவிட்டார். நான் போனில் அழுததைக் கேட்டு அவருக்கு ஒரே சிரிப்பு. “ஏம்மா, அந்த ஊர்ல போய் காய்கறிக்கா அழுவற? கடையில நம்ம ஊர் சாமான் கேட்டா கப்பல் கூலியும் சேத்துத்தான் வாங்குவான். காலையில ஆறு மணிக்குச் சந்தைக்குப் போ. பேர் தெரியலன்னா பரவால்ல, இலையக் கிள்ளி மோந்து பாரு.”

அந்த ஒரு வார்த்தைதான் எங்கள் குடும்பத்தைக் கரையேற்றியது. மறுநாள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பா சியூ சந்தைக்குப் போய், பைத்தியக்காரி மாதிரி ஒவ்வொரு கட்டாகக் கிள்ளி மோந்து பார்த்தேன். முளைக்கீரை இருந்தது, கொடிப்பசலை இருந்தது, வல்லாரை குவிந்து கிடந்தது. (வல்லாரையைச் சர்க்கரை போட்டு ஜூஸாக அடித்து ஐஸோடு குடிக்கிறார்கள். முதலில் முகம் சுளித்தேன், பிறகு வாரம் இரண்டு கிளாஸ்.) வாழைப்பூவை மெல்லிசாகச் சீவித் தண்ணீரில் போட்டு வைத்திருந்தார்கள். கள்ளன் எடுக்கும் வேலை கூட மிச்சம்! புளி கிடைத்தது. தேங்காயை நாம் நிற்கும்போதே மெஷினில் துருவிக் கொடுத்தார்கள். மழைக்காலம் முடிகிற சமயத்தில் அகத்திப்பூவைக் கூறு கட்டி வைத்திருந்ததைப் பார்த்தபோது, அம்மாவைப் பார்த்தது போல இருந்தது. ‘பென் தான்’ என்கிற சந்தை பக்கம் மட்டும் போகவே மாட்டேன். அது சுற்றுலாக்காரர்களுக்கு.

அடுத்த நன்றி அந்தக் கீரைக்கார அக்காவுக்கு. அவருக்குத் தமிழ் தெரியாது, இதைப் படிக்கவும் போவதில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். அங்கே 20,000 டாங் நோட்டும் நீலம், 500,000 டாங் நோட்டும் நீலம். போன புதிதில், இருபதுக்குப் பதில் ஐந்நூறை நீட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்துவிட்டேன். அவர் கடையைப் போட்டது போட்டபடி விட்டு, ரப்பர் செருப்பு படபடக்க ஓடிவந்து நோட்டைக் கையில் திணித்தார். “பாவ் ஞியூ” என்றால் எவ்வளவு, “மக் க்வா” என்றால் ரொம்ப விலை என்று சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். தன் வாயாலேயே தன்னிடம் பேரம் பேசக் கற்றுக்கொடுத்த வியாபாரியை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. நம்மைப் போலவே அவர்களும் சந்தையில் முறை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். அக்காவை “சீ ஓய்” என்று கூப்பிட வேண்டும். பெரியவரைப் போய் “ஓய்” என்பதா என்று எனக்கு ஒரு மாதம் நாக்கு எழவில்லை. இங்கே கொசுறாகக் கருவேப்பிலை போடுவது போல, அவர் கையளவு வெங்காயத்தாளும் இரண்டு மிளகாயும் பையில் போட்டுவிடுவார்.

அரிசிக்கு வழிகாட்டியவர், துருவோங் தின் தெரு மாரியம்மன் கோயிலில் நான் சந்தித்த ஒரு பெரியவர். தாத்தா தமிழர், இவர் பேசுவது பாதித் தமிழ். அந்தக் கோயிலை அந்த ஊர் மக்கள் ‘இந்திய அம்மன் கோயில்’ என்று சொல்லிக் கூட்டமாக வருகிறார்கள், நம்மைவிட அவர்கள்தான் அதிகம். “ஒட்டுற சோறு வேணாமா? 504னு கேளு” என்றார் பெரியவர். அரிசிக் கடைகளில் ஒவ்வொரு குவியல் மேலும் விலை அட்டை செருகியிருக்கும். அதில் மலிவான வரிசையில் நிற்பது இந்த 504. உதிரி உதிரியாக வேகும், சாம்பாருக்குத் தோதாக இருக்கும். உளுந்தோடு சேர்த்து அரைத்தால் இட்லியும் மோசமில்லை. துவரம்பருப்பைக் குறைத்து, தோல் நீக்கிய பாசிப்பருப்புக்கு மாறினோம். அது அவர்கள் வீட்டுச் சாமான், பாதி விலைக்கும் கீழே. துவரை வேண்டியபோது, திருப்பாதிரிப்புலியூரில் இருந்து வந்திருந்த தம்பியும் அவர் மனைவியும் நாலு குடும்பத்தைச் சேர்த்து இறக்குமதிக்காரரிடம் மூட்டையாக எடுத்துப் பங்கு போட்டார்கள். ஒரு தடவைகூடத் தராசில் தங்கள் பக்கம் சாய்த்ததில்லை. தம்பி, அந்தக் காலி டப்பா இரண்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

கொரோனாவால் ஊரே அடங்கிய 2021ஐ எப்படிச் சொல்வது? ஜூலையிலேயே சந்தைகள் பெரும்பாலும் மூடிவிட்டன. ஆகஸ்ட் 23 முதல் வாசலைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு. வார்டு ஆட்களும் ராணுவக்காரர்களும் வீடு வீடாகப் பை கொண்டுவந்தார்கள். அரிசி, முட்டைக்கோஸ், நூடுல்ஸ், டப்பாவில் அடைத்த கறி. வீட்டில் நான் ஒருத்தி சைவம். கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மாவிடம் “சாய்” என்று ஒரே ஒரு சொல்தான் சொன்னேன். அவர்கள் மொழியில் அது சைவச் சாப்பாடு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அந்த அம்மாவே கறி தொடமாட்டார், அதனால் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அன்று முதல் எங்கள் கறி டப்பா கீழே போகும், அவருடைய டோஃபுவும் பூசணியும் மேலே வரும். செப்டம்பர் முடியும் வரை இப்படித்தான் ஓடியது. ஒரு நாள் பூசணியோடு வாசலில் ஒரு கொத்துக் கருவேப்பிலையும் இருந்தது. எங்கே பிடித்தார் என்று கேட்டேன். மொட்டைமாடித் தொட்டியைக் காட்டினார். ஊரடங்குக்கு முன்னால் நான் காய்ந்துவிட்டதென்று தூக்கி எறிந்த செடி அது.

சைகோன் பாட்டி, நீங்கள் கேட்ட அரிசித்தாள், அதான் பான் திராங், இரண்டு கட்டு பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். அந்தத் தாளில் பூரணம் வைத்துப் பொரிக்கும் நெம் நீங்கள்தான் சுருட்ட வேண்டும். ஐந்தாறு வருடம் அங்கேயே இருந்தும் என் கையில் அது கிழிந்துதான் போகிறது.

நன்றியுடன்,
முத்தியால்பேட்டையிலிருந்து உங்கள் பெண்