ஒரு சாளை 200 ரூபாய்

ஹாம்பர்க்,
2025 ஜூலை 6, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் நான் எதைப் பேசினாலும் நீ "தின்னியா, என்ன தின்ன?" என்ற இடத்திலேயே வந்து நிற்கிறாய். சரி, சொல்வோம் என்று ஆரம்பித்தால் வாசலில் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். நீ போனைத் தம்பி கையில் திணித்துவிட்டுப் போய்விடுகிறாய். அவனுக்குத் தெரிய வேண்டியது ஐபோன் விலை மட்டும்தான். அதனால்தான் இந்தத் தடவை உட்கார்ந்து எழுதுகிறேன். என்னோடு வார்டில் வேலை பார்க்கிற மார்த்தாண்டத்துப் பெண் 15ஆம் தேதி லீவில் ஊருக்கு வருகிறாள். அவள் கையில் இந்தக் கடிதமும் ஒரு பையும் கொடுத்துவிடுகிறேன். பைக்குள் இருப்பதை என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் எழுதியிருக்கிறேன். அதுவரை எதையும் பிரிக்காதே.

உன் கேள்வி இங்கேயும் உண்டு, தெரியுமா? மத்தியானம் பதினொன்றரை ஆகிவிட்டால் வராந்தாவில் எதிரே வருகிற டாக்டர், தரை துடைக்கிறவர், லிஃப்டில் நிற்கிற முன்பின் தெரியாத ஆள் எல்லாரும் 'மால்ட்சைட்' என்கிறார்கள். சாப்பாட்டு வேளை என்று அர்த்தம். ஜெர்மன் மொழியில் பி2 பரீட்சை பாஸான திமிரில், என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று நினைத்து முதல் வாரம் ஒருவர் பின்னாலேயே கேன்டீன் வரைக்கும் போய்விட்டேன். அவர் திரும்பிப் பார்த்து விழித்தார். அது வெறும் மத்தியான வணக்கமாம். இப்போது நானும் எல்லாரிடமும் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் உன் குரல்தான் காதில் கேட்கிறது.

ராத்திரிச் சாப்பாடுதான் இன்னும் பழகவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கே நோயாளிகளுக்குத் தட்டு வந்துவிடும். இரண்டு துண்டு கறுத்த ரொட்டி, சீஸ், ஆறிப்போன இறைச்சித் துண்டு, ஊறுகாய் போட்ட வெள்ளரிக்காய். அவ்வளவுதான். அந்தத் தட்டில் சூடாக இருப்பது டீ மட்டும். இதற்கு 'மாலை ரொட்டி' என்றே பெயர். வீடுகளிலும் பல பேருக்கு இதேதான். சோற்றில் ஆவி பறக்காவிட்டால் தட்டைத் தள்ளிவிடுகிற அப்பாவை இந்த வார்டில் ஒரு நாள் படுக்க வைத்தால் மறுநாளே சுகமாகி எழுந்து நடந்துவிடுவார்.

மரச்சீனிக்குப் பஞ்சமில்லை. ரயிலடிக்குப் பக்கத்தில் ஆப்பிரிக்கக் கடைகள் இருக்கின்றன. கிழங்கு கோஸ்டா ரிகாவிலிருந்து வருகிறது, தோல் மேலே மெழுகு பூசி, மெழுகுவர்த்தி மாதிரி பளபளவென்று. முதல் தடவை நான் அதைப் பாத்திரம் விளக்குவதுபோலத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அப்புறம்தான் புத்தி வந்தது, தோலை எப்படியும் உரிக்கத்தானே போகிறோம்! அவித்தால் மாவாகவே வேகிறது, குறை சொல்ல முடியாது. தொட்டுக்கொள்ள மீன் கறி வேண்டுமே, அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை.

இங்கே ஆற்றங்கரையில் ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தை கூடும். கோடையில் விடிகாலை 5 மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிந்துவிடும். 1703-லிருந்து நடக்கிறதாம். ஜனங்கள் பூசைக்குப் போக வேண்டும் என்பதால் அந்தக் காலத்தில் சீக்கிரம் மூடச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது பூசைக்குப் போகிறவர்கள் கொஞ்சம்தான், சீக்கிரம் மூடுவது மட்டும் மாறவில்லை. லாரிமேல் நின்றுகொண்டு ஒரு ஆள் விலாங்கை ஆட்டி ஆட்டிக் கத்துவார். நம் கடப்புறத்து ஏலத்தில் பாதிச் சத்தம் கூட வராது, இருந்தாலும் காதுக்கு இதமாக இருக்கும். அங்கே ஒரு பன்னைப் பிளந்து, உப்பில் பதப்படுத்திய பச்சை மீனை வைத்து, வெங்காயம் போட்டுத் தருவார்கள். ஆமாம், பச்சை மீன்தான். அடுப்பே பார்க்காத மீன். முதல் தடவை வாங்கி ஒரு கடி கடித்துவிட்டு, மீதியைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து மிளகாய்ப்பொடி போட்டுப் பொரித்துத் தின்றேன். இதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை அப்படியே தின்றுவிட்டேன். நல்லாத்தான் இருந்தது.

பிடிக்காதது ஒன்றே ஒன்று. கறுப்பு மிட்டாய். அதிமதுரத்தில் நவச்சாரம் சேர்த்துச் செய்வது. இந்த வடக்குப் பக்கத்து ஆட்கள் இதற்கு உயிரை விடுவார்கள். ஒரு கிழவி ஊசி போட்டதற்குப் பரிசாக ஒன்றைக் கையில் வைத்தாள். அவள் பார்த்துக்கொண்டே இருந்ததால் துப்பவும் முடியவில்லை.

இனி நான் எழுத வந்த விஷயம். ஜூன் மாதம் லிஸ்பனுக்குப் போனோம். அங்கிருந்து போட்டோ அனுப்பினேன், நீ சிவப்புப் பூ ஒன்று பதிலுக்கு அனுப்பினாய், அதோடு சரி. இந்த ஊரில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் போர்ச்சுகல்காரர்கள் கடை போட்ட ஒரு தெருவே இருக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஒரு போர்ச்சுகீசு அக்கா வேலை செய்கிறார். நான் கடலோரத்துப் பிள்ளை, அதிலும் அந்தோனியார் கோயில் ஊர் என்று கேள்விப்பட்டதும், "ஜூன் 12 ராத்திரி நீ எங்கள் ஊரில் இருக்க வேண்டும்" என்று பிடித்துக்கொண்டார். அந்தோனியார் பிறந்தது லிஸ்பனில்தானாம், 1195-இல். இத்தனை நாள் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை குருசடியில் மெழுகுவர்த்தி கொளுத்தியும் அவர் பதுவை ஊர்க்காரர் என்றே நினைத்திருந்தேன். பதுவையில் செத்தாராம், அவ்வளவுதான்.

நான், மார்த்தாண்டத்துக்காரி, கோட்டயத்துப் பெண் ஒருத்தி, மூன்று பேர். மலிவு டிக்கெட், தண்ணீருக்குக்கூடக் காசு. அதனால் பொதிச்சோறு கட்டினேன். வாழையிலைக்கு எங்கே போவது? அலுமினியத் தாள்தான். தேங்காய்ச் சோறு, முட்டைப் பொரியல், ஒரு பாட்டில் நிறைய மாங்காய்ச் சம்மந்தி. விமான நிலையச் சோதனையில் சோற்றை விட்டார்கள், சம்மந்தியைப் பிடித்துக்கொண்டார்கள். 100 மில்லிக்கு மேல் குழம்பாக இருக்கிற எதையும் கொண்டுபோகக் கூடாதாம். குப்பையில் போடச் சொன்னார் சோதனை போட்ட அம்மா. நீ அரைத்ததுபோல அம்மியில் அரைத்ததில்லை, மிக்சியில் அரைத்ததுதான், என்றாலும் குப்பையில் போட மனசு வருமா? மூன்று பேரும் ஓரமாக நின்று, விரலால் வழித்து வழித்து, பாட்டிலை நக்காத குறையாக முடித்துவிட்டுத்தான் உள்ளே போனோம். விமானம் ஏறுகிற வரைக்கும் கோட்டயத்துக்காரி காரம் தாங்காமல் மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தாள்.

லிஸ்பனில் அல்ஃபாமா என்று ஒரு பழைய பகுதி. இரண்டு பேர் கைகோத்து நடந்தால் சுவர் முட்டுகிற சந்துகள், படிக்கட்டுத் தெருக்கள். திருவிழா ராத்திரி தலைக்கு மேலே கலர்க் காகிதத் தோரணம். வீட்டுக்கு வீடு வாசலில் இரும்பு அடுப்பு, கரி, அதன் மேலே சாளை. நான் பொய் சொல்லவில்லை அம்மா, சாளைதான். நம்முடைய நெய்ச்சாளையைவிடக் கொஞ்சம் பெரிசு, முதுகு கறுப்பு, மற்றபடி அதே முகம். தெரு முழுக்கப் புகை. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நான் யாரிடமும் கேட்காமல் போய் வரிசையில் நின்றுவிட்டேன்.

ஒரு மீன் 2 யூரோ. 200 ரூபாய் என்று வை. மயங்கி விழாதே. நான் நாலு தின்றேன்.

எப்படிச் சுடுகிறார்கள் என்று கேள். குடல் எடுப்பதில்லை. செதிளும் போக்குவதில்லை. தலையும் கிள்ளுவதில்லை. அப்படியே கல்லுப்பை அள்ளித் தூவி, கொஞ்ச நேரம் வைத்து, கனலில் போடுகிறார்கள். மஞ்சள் கிடையாது, மிளகாய் கிடையாது. ஒரு பக்கம் தோல் கொப்பளித்துக் கறுத்ததும் புரட்டுகிறார்கள். கொழுப்பு சொட்டும்போதெல்லாம் கரியிலிருந்து புஸ்ஸென்று தீ எழும்புகிறது, அடுப்புக்காரர் அட்டையால் விசிறி அதை அடக்குகிறார். வெந்த மீனைத் தட்டில் தருவதில்லை, ஒரு துண்டு ரொட்டிமேல் வைத்துத் தருகிறார்கள். கையால்தான் தின்ன வேண்டும். போர்ச்சுகீசு அக்கா முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார்: தோலை மட்டும் உரி, மேல் சதையை விரலால் தள்ளித் தின்னு, அப்புறம் தலையைப் பிடித்துத் தூக்கினால் முள்ளும் குடலும் சேர்ந்து ஒரே இழுப்பில் வந்துவிடும், அடிப்பக்கத்தைத் தின்னு. அதே ரொட்டிமேல் அடுத்த மீன், அடுத்த மீன் என்று வைத்துக்கொண்டே போக வேண்டும். ரொட்டியைக் கடைசியில்தான் தின்ன வேண்டுமாம். நாலு சாளையின் நெய்யும் உப்பும் கரி வாசமும் இறங்கி, நடுவில் மஞ்சளாக ஊறிப்போன அந்த ரொட்டி இருக்கிறதே, அதை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

அப்பா கடலிலிருந்து வந்து, கடப்புறத்திலேயே சிரட்டையைக் கொளுத்தி, நாலு சாளையை அப்படியே போட்டுச் சுடுவாரே, நினைவிருக்கிறதா? "மீனுக்கு உப்பும் தீயும் போதும், மீதி எல்லாம் பொம்பளைகள் நேரம் போக்கச் செய்வது" என்பார். நீ பதிலுக்கு "மசாலா அரைத்த அரப்பு இல்லாத மீனைப் பூனைதான் தின்னும்" என்பாய். சின்னப் பிள்ளையில் நான் எப்போதும் உன் கட்சி. அப்பா நீட்டும்போது ஒரு வாய் வாங்கிக்கொண்டு, குடல் கசக்கிறது என்று முகத்தைச் சுளித்துவிட்டு, வீட்டுக்கு ஓடிவந்து உன் புளிமுளம் மீன்கறியில் கிழங்கைத் தோய்ப்பேன். அல்ஃபாமாவில் நாலாவது மீனில் கட்சி மாறிவிட்டேன். உனக்குத் துரோகம்தான். புளிமுளத்துக்கு அயலை இருக்கிறது, நெத்திலி இருக்கிறது. சாளையை அப்பா சொன்ன வழியில் விட்டுவிடலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவரிடம் இதை நீயே சொல்ல வேண்டாம், கடிதத்தை அவர் கையில் கொடுத்தால் போதும்.

மறுநாள் 13ஆம் தேதி, திருவிழா நாள். அந்தோனியார் பிறந்த வீடு இருந்த இடத்தில் கோயில் கட்டியிருக்கிறார்கள். அங்கே சின்னச் சின்ன ரொட்டி தருகிறார்கள், நம் ஊரில் நேர்ச்சைக் கஞ்சி ஊற்றுவதுபோல. அதைத் தின்னாமல் வீட்டில் மாவுக்குள்ளேயோ அரிசிக்குள்ளேயோ போட்டு வைத்தால் வருஷம் முழுக்கச் சாப்பாட்டுக்குக் குறை வராதாம். தெரு முழுக்கத் துளசி மாதிரி பொடி இலைச் செடி சின்னத் தொட்டிகளில் விற்றார்கள். அதை மூக்கை வைத்து மோக்கக் கூடாது, செடி வாடிவிடும், உள்ளங்கையால் தடவிக் கையை மோந்து பார்க்க வேண்டும் என்று ஒரு பாட்டி என் தலையைப் பிடித்துத் தள்ளிவிட்டாள்.

பிற்பாடு லிஸ்பனிலேயே பெலேம் என்ற பகுதிக்குப் போனோம். அங்கே 1837-லிருந்து முட்டைக்கரு வைத்த ஒரு சின்னப் பலகாரம் செய்கிறார்கள். மேலே பட்டைத்தூள் தூவித் தின்ன வேண்டும். வரிசையில் முக்கால் மணி நேரம். வாயில் வைத்தால் மேலே முறுமுறுப்பு, உள்ளே சூடாக வழுவழுப்பு. ஆறு வாங்கினோம், கடையை விட்டு வெளியே வருமுன் காலி. பட்டைக்கும் மிளகுக்கும்தானே இந்த ஆட்கள் அந்தக் காலத்தில் நம் பக்கம் கப்பல் ஏறினார்கள், இப்போது காசு கொடுத்து நாம் போய் நிற்கிறோம் என்று மார்த்தாண்டத்துக்காரி முணுமுணுத்தாள். நம் கோட்டாற்றுச் சவேரியாரும் லிஸ்பனிலிருந்துதான் கிளம்பினார், 1541 ஏப்ரல் 7. கோவா வந்து சேர ஒரு வருஷத்துக்குமேல் ஆயிற்று. வழியில் என்ன தின்றிருப்பார்? பெரும்பாலும் காய்ந்த பிஸ்கோத்துதான். நீ இன்னும் பிஸ்கட்டை பிஸ்கோத்து என்றுதானே சொல்வாய், தம்பி அதைக் கேட்டுச் சிரிப்பானே? அவனிடம் சொல், போர்ச்சுகல்காரர்கள் 'பிஷ்கோய்ட்டு' என்கிறார்கள். ஜன்னல் அவர்களுக்கு 'ஜனேலா', மேஜை 'மேசா'. நீ பேசுவதுதான் சரி.

இனி பை. சிவப்புத் தாளில் சுற்றியது அந்தோனியார் ரொட்டி. கல்லாகிவிட்டது, பரவாயில்லை, அரிசிப் பானைக்குள் போடு. மிட்டாய் எல்லாம் தம்பிக்கு. கறுப்பு மிட்டாயையும் ஒன்று வைத்திருக்கிறேன், அவனுக்குச் சொல்லாமல் கொடு.

மார்த்தாண்டத்துக்காரி திரும்பி வரும்போது ஏத்தங்காய் வற்றல், முந்திரிக்கொத்து, கருப்பட்டி ஒரு கிலோ கொடுத்துவிடு. நெத்திலிக் கருவாடும் வை, நன்றாகக் கட்டி. இறைச்சியும் பாலும்தான் உள்ளே விடமாட்டார்கள், கருவாட்டுக்குத் தடையில்லை. முந்திரிக்கொத்தைக் கடையில் வாங்கித் தராதே.

அப்புறம், படம் போட்ட நாலு டின் இருக்கும். அதுவும் சாளைதான், ஒலிவ எண்ணெயில் போட்டது. அப்பாவுக்கு. டின்னை அவர் கையாலேயே திறக்கட்டும். எண்ணெயைக் கீழே கொட்டாதே, அதில் ரொட்டியோ கிழங்கோ தோய்த்துத் தின்னலாம். உன் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். ஒரு டின்னை வேண்டுமானால் நீ எடுத்து அரப்பு போட்டுக்கொள். மற்ற மூன்றையும் தொடாதே.

உன் அன்பு மகள்