இன்வர்னஸிலிருந்து அக்காவுக்கு: பாசிக்குள் இருக்கும் ஆர்க்கிட்கள்

அன்புள்ள அக்கா,

நீ, மாமா, பிள்ளைகள் எல்லோரும் நலமா? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? நான் நன்றாக இருக்கிறேன், வேலையும் பழகிவிட்டது. போனில் "அந்தக் குளிரில் ஆர்க்கிட்டா?" என்று கேட்டாய், நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் அம்மா போனை வாங்கிவிட்டார். அதனால் எழுதியே அனுப்புகிறேன். பிடித்திருந்தால் உன் வகுப்புப் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டு.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் பழனி மலையில் மரக்கிளையைப் பார்த்தே ஆர்க்கிட் தேடுவோம் இல்லையா, இங்கே அது உதவாது. ஸ்காட்லாந்தில் தானாக வளரும் ஆர்க்கிட்கள் எல்லாமே தரை வகைதான். மாதக்கணக்கில் உறைபனி விழும் ஊரில் கிளையில் தொங்கும் வேர் எப்படித் தாங்கும்? கிழங்கோ தண்டோ மண்ணுக்குள்ளோ பாசிக்குள்ளோ பத்திரமாக இருந்தால்தான் அடுத்த கோடையைப் பார்க்க முடியும். அதிலும் எனக்குப் பிடித்தவை பெரிதாகப் பூக்கும் வகைகள் இல்லை. நின்றுகொண்டு பார்த்தால் தெரியவே தெரியாத, மண்டியிட்டு லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டிய சின்னவைதான்.

ஜூன், ஜூலையில் இங்கே ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால் முதியோர் இல்லத்தில் பகல் ஷிஃப்ட் முடித்துவிட்டுக்கூடப் பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டு வரலாம். கூட வருபவர் பக்கத்து வீட்டுப் பாட்டி, இந்த வட்டாரத்துச் செடிகளைக் கணக்கெடுக்கும் குழுவில் பல வருடமாக இருக்கிறார். அவ்வளவு வயதானவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது இந்த ஊர் வழக்கம், எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அவர் கற்றுக்கொடுத்த முறை எனக்கு ரொம்பப் பிடித்தது: பூவின் நிறத்தை நம்பாதே, தலைக்கு மேல் என்ன மரம், காலுக்குக் கீழே என்ன மண் என்று முதலில் பார், அப்புறம் இலை, கடைசியாகப் பூவின் உதட்டிதழ், அதாவது மற்ற இதழ்கள் மாதிரி இல்லாமல் உதடு போல் தனியாகத் தெரியும் அந்த ஓர் இதழ்.

குட்யேரா ரெபென்ஸ் என்று ஒன்று, இங்கே கிரீப்பிங் லேடீஸ் டிரஸ்ஸஸ் என்பார்கள். பழைய பைன் காடுகளில், உதிர்ந்த ஊசியிலைகளுக்கும் பாசிக்கும் நடுவே படர்ந்து கிடக்கும். நேர்ன் பக்கம் கடலோரத்தில் கல்பின் காடு இருக்கிறது. ஒரு காலத்தில் வெறும் மணல்மேடு, போன நூற்றாண்டில் பைன் நட்டுக் காடாக்கினார்கள், அந்த மணல் காட்டிலும் இது நன்றாக வளர்கிறது. இதன் வசதி என்னவென்றால் இலை வருடம் முழுக்கப் பச்சையாகவே இருக்கும், ஜனவரியில் போனால்கூட அடையாளம் சொல்லிவிடலாம். அதே காட்டில் வின்டர்கிரீன் என்ற செடியும் உண்டு, அதன் இலை வட்டமாக, நீளமான காம்போடு இருக்கும். குட்யேரா இலை முட்டை வடிவம், நுனி கூர், குறுக்கும் நெடுக்குமாக நரம்புகள் வலை போட்டிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் ஒரு சாண் உயரத்துக்குத் தண்டு வரும், அதில் பொடி வெள்ளைப் பூக்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாகத் திரும்பி நிற்கும். தண்டிலும் பூவின் வெளிப்பக்கத்திலும் மெல்லிய ரோமம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். இதன் சொந்தக்காரன் குட்யேரா புரோசெரா நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடைக்கரைகளில் இருக்கிறது, ஆனால் அது இதைவிட எவ்வளவோ பெரியது.

பிள்ளைகளுக்கு இதையும் சொல். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி, உள்ளே சேமித்த உணவு கிடையாது, மண்ணில் இருக்கும் பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். ஆர்க்கிட் பூஞ்சையிடம் வாங்கிக்கொண்டே இருக்கும், திருப்பிக் கொடுக்காது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 2006-இல் இந்தக் குட்யேரா ரெபென்ஸை வைத்து நடத்திய ஆய்வில், வளர்ந்த செடி தான் தயாரித்த கார்பனைப் பூஞ்சைக்குக் கொடுக்கிறது என்று தெரியவந்தது. அதைப் படித்த பிறகு அந்தச் செடிமேல் எனக்கு மரியாதையே கூடிவிட்டது.

அடுத்தது லெஸ்ஸர் ட்வேபிளேட், நியோட்டியா கார்டேட்டா. பழைய புத்தகங்களில் லிஸ்டெரா என்று இருக்கும். ஹெதர் என்ற குட்டைப் புதரைக் கையால் மெதுவாக விலக்கி அடியில் பார்க்க வேண்டும், ஈரமான பாசிமேல் நிற்கும். தண்டில் எதிரெதிராக இரண்டே இலை, இதய வடிவம், மேலே பளபளப்பு. பூ செம்பழுப்பு, சில மில்லிமீட்டர்தான், ஆனால் லென்ஸ் வழியாகப் பார்த்தால் உதட்டிதழ் நீளமாக இறங்கி நுனியில் இரண்டாகப் பிளந்திருப்பது தெளிவாகத் தெரியும். இதற்கு மகரந்தம் சுமப்பவை பூஞ்சைக் கொசு எனப்படும் பொடிப் பூச்சிகள். இதன் பெரிய உறவான ட்வேபிளேட்டைப் பற்றி டார்வின் 1862-இல் ஆர்க்கிட்கள் குறித்த புத்தகத்தில் எழுதியிருக்கிறார்: பூச்சி லேசாக உரசினாலே போதும், பூவிலிருந்து ஒரு துளிப் பசை தெறித்து மகரந்தக் கட்டியைப் பூச்சியின் தலையில் ஒட்டிவிடும், இரண்டு மூன்று விநாடியில் இறுகியும்விடும். சின்னதிலும் அதே ஏற்பாடுதான்.

கோரல்ரூட் என்று இன்னொன்று, ஈரமான வில்லோ, பிர்ச் மரங்களுக்கு அடியில் வரும். மஞ்சள் பச்சைத் தண்டு, இலையும் கிடையாது வேரும் கிடையாது, சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் பூஞ்சையைத்தான் நம்பியிருக்கிறது. இலையே இல்லாததால் அடையாளம் காண்பது சுலபம்.

ஆனால் என்னை ஆட்டிவைப்பது பாக் ஆர்க்கிட்தான், ஹம்மார்பியா பாலுடோசா. பிரிட்டனிலேயே மிகச் சிறிய ஆர்க்கிட், பெரும்பாலும் சுண்டுவிரல் உயரம்கூட வராது. ஸ்பாக்னம் பாசி நிறைந்த சதுப்பில், தண்ணீர் மெல்லக் கசிந்து ஓடும் இடத்தில், பச்சைக்குள் பச்சையாக நிற்கும். பூவும் பச்சை, தண்டும் பச்சை. இங்கிலாந்தில் சதுப்புகளை வடித்து நிலமாக்கியதில் பல இடங்களில் அழிந்துவிட்டது, ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான இந்த ஹைலேண்ட்ஸ் பக்கம்தான் இன்னும் ஓரளவு தெம்பாக இருக்கிறது. சில வருடம் தலையே காட்டாது. பூச்சியைப் பிடித்துத் தின்னும் சன்டியூ செடி சிவப்பாகத் தெரிகிற இடத்தில் நின்று, கால் வைக்கும் முன்னாலேயே கீழே உற்றுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த ஆர்க்கிட்டின் அடிக்குமிழ் மண்ணில் ஊன்றாமல் பாசிக்குள் சும்மா செருகியது மாதிரி இருக்கும், ஒரு மிதி போதும், போய்விடும். மிட்ஜ் என்ற கண்ணுக்குத் தெரியாத கொசு வேறு முகமெல்லாம் பிடுங்கும், காற்று வீசுகிற நாளாகப் பார்த்துப் போனால் அது அண்டாது.

உறுதி செய்ய இரண்டு அடையாளம். ஒன்று, இலை விளிம்பின் நுனியில் பொடிப் பொடியாக மொட்டுகள் இருக்கும், அவை உதிர்ந்து தனிச் செடியாகும். இரண்டாவது, பூவின் உதட்டிதழ் மேலே இருக்கும். பெரும்பாலான ஆர்க்கிட்களில் மொட்டு 180 டிகிரி திரும்பி உதட்டிதழ் கீழே வந்துவிடும், பூச்சி உட்கார வசதியாக. இது முழுச் சுற்று, 360 டிகிரி திரும்பி, உதட்டிதழைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடுகிறது. நம் புல்வெளிகளில் ரோஜா நிறத்தில் பூக்கும் சதிரியம் நேபாலென்ஸிலும் உதட்டிதழ் மேலேதான், ஆனால் அது திரும்புவதே இல்லை. இரண்டும் வேறு வேறு வழியில் ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன பார்!

எதையும் பறிப்பதில்லை. நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் காட்டுச்செடியை வேரோடு பிடுங்குவது 1981-ஆம் வருடச் சட்டப்படி இங்கே குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் பிடுங்கிக்கொண்டு வந்து பயனில்லை, அதற்கு உணவூட்டும் பூஞ்சை அதோடு சேர்ந்து வராதே. படம் மட்டும் எடுப்போம்: முழுச் செடி, இலை, பூ நேராக, பூ பக்கவாட்டில், அளவு தெரிய ஒரு நாணயம். இடத்தைக் குறித்துக் கணக்கெடுக்கும் குழுவுக்கு அனுப்புவோம், அபூர்வமான செடி என்றால் இடத்தை வெளியே சொல்ல மாட்டோம்.

அக்டோபரில் மழை இல்லாத நாளாகப் பார்த்து நீ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புல்வெளிப் பக்கம் போவாய்தானே, சதிரியம் கண்ணில் பட்டால் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு. உதட்டிதழ் குல்லா மாதிரி மேலே கவிந்திருக்கும், அதன் பின்னால் இரண்டு வால் தொங்கும், அந்த இரண்டும் படத்தில் தெளிவாக விழ வேண்டும். பாட்டியிடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் தங்கை